பிஸ்கெட் தாள் வெயில்

கீழ்வீடு
ஜனவரி 19

அண்ணிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நீங்கள் சிரிக்க மாட்டீர்கள், தெரியும். மாடிப்படியில் எதிரே வந்தால் நீங்கள் சுவரைப் பார்க்கிறீர்கள், நான் செருப்பைப் பார்க்கிறேன். அண்ணன் தவறிப்போன பிறகு அப்படியே பழகிவிட்டது. என் மனைவியிடம், "அண்ணிகிட்ட ஒரு விஷயம் சொல்லிடு" என்று கேட்டேன். "பேச்சைத் தூக்கிட்டு மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் என்னால அலைய முடியாது. பாதி வழியில உப்பு கூடிடும், காரம் கூடிடும், கடைசியில என் தலைதான் உருளும். காகிதத்துல எழுதி ஒட்டிக் குடுங்க, கொண்டுபோறேன்" என்கிறாள். நாள் முழுக்கக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். எதையும் ரசீதோடு கொடுத்து வாங்கித்தான் பழக்கம்.

விஷயம் இதுதான். மொட்டைமாடியிலிருந்து கீழ்வீடு வரை வீட்டு நடுவில் இறங்குகிறதே வெளிச்சக்குழி, நாம் கிணறு என்று சொல்வது, அதன் வாயைப் போன வருடம் தகரம் போட்டு மூடினீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மழையோ புறாவோ, ஏதோ தொல்லை இருந்திருக்கும். ஆனால் பக்கத்து மனை இரண்டிலும் நாலு மாடி எழும்பிய பிறகு என் வேலை அறைக்கு வெளிச்சம் வந்த ஒரே வழி அதுதான். இப்போது காலையிலும் டியூப்லைட், மத்தியானமும் டியூப்லைட். வெளியே மழை பெய்கிறதா என்றுகூட மனைவி வந்து குடையை உதறினால்தான் தெரிகிறது.

தகரத்தை எடுக்க முடியுமா? நானே வந்து கழற்றித் தருகிறேன். நீங்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்


மேல்மாடி
ஜனவரி 21

சின்னவனுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் கோழி கிளறியதுபோல் எழுதிக்கொண்டிருந்தாய். இன்னும் திருந்தவில்லை.

தகரத்தை எடுக்க முடியாது. இருட்டு உனக்கு மட்டும் இல்லை. கிணற்றைப் பார்த்த ஜன்னல் என் சமையலறையிலும் இருக்கிறது. நானும் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறேன். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பிஸ்கெட் ஆலையில் என் பாக்கிங் பகுதிக்கு ஜன்னலே கிடையாது. அத்தனை பேர் விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டு வேலை பார்க்கிறோம். ஒருத்தியும் எனக்குக் கடிதம் எழுதி மூக்கால் அழவில்லை.

வெளிச்சம் வேண்டுமானால் விளக்கு வாங்கு.

மேல்மாடி


கீழ்வீடு
ஜனவரி 23

அண்ணிக்கு,

விளக்கு வாங்கினேன். ஒன்றல்ல, மூன்று. "பகல் வெளிச்சம்" என்று பெட்டியில் அச்சடித்ததையும் வாங்கிப் பார்த்தேன். அதற்கடியில் என் கையே செத்தவன் கைபோல நீலமாகத் தெரிந்தது. நல்ல ரகம் ஒன்று இருக்கிறது. அதை வாங்கினால் அதற்காகவே வேலை செய்து நான் கிழவனாகிவிடுவேன்.

நான் செயற்கைப் பல் செய்கிறவன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் எப்படி என்று சொன்னதில்லை. பல் வெள்ளை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளையே இல்லை. ஈறு பக்கம் மஞ்சள், நடுவில் பால், நுனியில் கண்ணாடி மாதிரி லேசான சாம்பல். பீங்கான் பொடியைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சின்னச் சூளையில் சுட்டு எடுக்கிறேன். பிறகு கிளினிக்கிலிருந்து எழுதி அனுப்பிய நிற எண்ணுக்கு உரிய மாதிரிப் பல்லோடு ஒட்டி வைத்துப் பார்க்கிறேன். டியூப்லைட்டில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கிளினிக் ஜன்னலோரம் கொண்டுபோனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பகல் வெளிச்சத்தில் என் வேலை பல்லிளிக்கிறது. "இது என்னங்க, ராத்திரியில மட்டும் போட்டுக்கிற பல்லா?" என்று டாக்டரம்மா கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது தெருவுக்குப் போய்ப் பார்க்கிறேன். குச்சியில் பல்லைச் செருகி, வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். "என்ன, கடவுளே பல் செட்டுக்குச் சொல்லியிருக்காரா?" என்று மூலைக்கடைக்காரர் கேட்கிறார். நிறம் தப்பு என்று தெரிந்து உள்ளே ஓடி வந்து தூரிகையை எடுப்பதற்குள் எந்தத் தப்பு என்று மறந்துவிடுகிறது. மொட்டைமாடிக்கு வந்து செய்யலாமென்றால், ஈரப் பீங்கான் வெயிலிலும் தூசியிலும் தாங்காது. சூளையும் மேஜையும் கீழே. ஒரு பல்லுக்குப் பத்துத் தடவை உங்கள் வாசலைத் தாண்டி ஏறி இறங்க வேண்டும். அது உங்களுக்கும் பிடிக்காது, என் முழங்காலுக்கும் பிடிக்காது.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் பற்கள் கூடிக்கொண்டே போகின்றன. இந்த வருடம் நிலைமை சரியாகாவிட்டால் வேலையை வேறு ஊரில் இருக்கும் பெரிய பட்டறைக்குக் கொடுத்துவிடுவதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்தப் பட்டறைக்காரர்களே என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. போவதென்றால் நானும் மனைவியும் போக வேண்டும், கீழ்வீட்டைப் பூட்ட வேண்டும். எனக்குப் போக மனமில்லை. காரணம் கேட்காதீர்கள், எழுதினால் அசடு வழியும்.

உங்கள் கொழுந்தன்


மேல்மாடி
ஜனவரி 30

சின்னவனுக்கு,

தகரத்தை எடுத்துவிட்டேன். உனக்காக என்று நினைத்து உருக வேண்டாம். துருப்பிடித்துப் போய், காற்றடித்தால் தடதடவென்று அடித்துக்கொள்கிறது. புறா இறங்காமல் வலை கட்டியிருக்கிறேன்.

எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். நாலு சுவரும் அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்துக் கிடக்கின்றன. மேலேயிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் அந்தச் சுவரே குடித்துவிடும், உனக்கு என்ன மிஞ்சும்? அதனால் சமையலறை ஜன்னல் வழியாகவும் மாடியிலிருந்தும் நீளக் கம்பில் பிரஷ்ஷைக் கட்டி மேல்பாதிக்கு வண்ணம் அடித்துவிட்டேன். வீட்டில் மிச்சம் கிடந்த டப்பாதான். தலைமுடியெல்லாம் வண்ணம். ஆலையில் ஒரு நாள் முழுக்க என்னை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கீழ்ப்பாதியை நீ அடித்துக்கொள்.

வேறு ஊருக்குப் போகிறவன் போவதற்குமுன் சுவரைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போவது மரியாதை. அதற்காகச் சொன்னேன்.

மேல்மாடி


கீழ்வீடு
பிப்ரவரி 5

அண்ணிக்கு,

கீழ்ப்பாதிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். உள்ளே கூரைக்கும் அடித்தேன். ஜன்னலில் நின்று தலையைத் தூக்கினால் வானம் தெரிகிறது, ஒரு கைக்குட்டை அளவுக்கு. அண்ணி, நன்றி என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஒரு சங்கடம். சொல்லாமல் இருக்கலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். நீங்கள் அடித்த வண்ணம் இளமஞ்சள். அதில் பட்டு இறங்கும் வெளிச்சமும் மஞ்சளாகவே இறங்குகிறது. மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. எல்லாப் பல்லும் பளிச்சென்று இருக்கிறது என்று ஏமாந்து ஒரு பெரியவருக்கு நாலு பல் செய்து அனுப்பினேன். "அவரு வாழ்நாள்ல ஒரு பீடிகூடக் குடிச்சதில்லைன்னு அழுறாருங்க" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வெறும் சுண்ணாம்பு போதும். ஒரு கை மேலே அடித்தால் சரியாகிவிடும்.

உங்கள் கொழுந்தன்


மேல்மாடி
பிப்ரவரி 8

சின்னவனுக்கு,

இனாமாக அடித்துக் கொடுத்த வண்ணத்தில் குறை கண்டுபிடிக்கிற ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான் இருப்பாய். சுண்ணாம்பு அடித்தாயிற்று. இந்தத் தடவை தலையில் துணி கட்டிக்கொண்டேன்.

அடித்துவிட்டுப் பார்த்தேன். இன்னும் போதாது. சுவர் வெளுத்தது சரி, வெயில் நேராக உள்ளே விழவில்லையே. பக்கத்துக் கட்டடம் இரண்டுக்கும் நடுவில் காலை பத்து மணி வாக்கில்தான் நம் மொட்டைமாடிக்கு வெயிலே வருகிறது. வந்தாலும் கிணற்றைத் தாண்டி எதிர்ச்சுவரில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நேற்று ஆலை வாசலில் ஒன்று பார்த்தேன். பிஸ்கெட் சுற்றும் தாளில் அச்சு கோணலாகிப்போன சுருள்களை வெளியே போட்டிருந்தார்கள். ஒரு சுருள் உருண்டு பிரிந்து உள்பக்கத்து வெள்ளித் தாள் வெயிலில் கிடந்தது. சரக்கு ஏற்றும் கொட்டகையின் கூரை முழுக்க வெளிச்சம். மூட்டை தூக்குகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திட்டுகிறார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மேலாளரிடம் கேட்டு ஒரு சுருளை எடுத்துவந்திருக்கிறேன். குப்பைக்குப் போவதுதானே, "எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கொழுந்தனுக்கு வெயில் வேண்டுமாம் என்றேன்.

பழைய அலமாரிக் கதவு ஒன்று கிடக்கிறது. அதில் இந்தத் தாளை ஒட்டி, கிணற்று வாய்க்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்தப் போகிறேன். உன் ஜன்னல் திரையை விலக்கி வை. வேறு எதுவும் செய்து கெடுத்துவிடாதே.

மேல்மாடி


கீழ்வீடு
பிப்ரவரி 20

அண்ணிக்கு,

வந்துவிட்டது.

போன வாரம் ஒரு நாள் காலையில் மேஜையில் குனிந்துகொண்டிருந்தேன். முதுகில் சூடு. சூளையைத்தான் அணைக்க மறந்துவிட்டேனா என்று பதறித் திரும்பினால், தரையில் வெயில். தாள் அங்கங்கே சுருங்கியிருக்கிறது போல, வெயில் தண்ணீர்மாதிரி நெளிந்துகொண்டே இருந்தது. நான் அதில் காலை வைத்துப் பார்த்தேன். இந்த வயதில் வெயிலில் காலை வைத்து விளையாடினேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

நேர் வெயில் பல்லுக்கு ஆகாது, கண் கூசும். அதனால் எதிர்ச்சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, வெயிலை அதில் விழவைத்து, அதிலிருந்து பரவும் வெளிச்சத்தில் மேஜையைப் போட்டுக்கொண்டேன். பத்திலிருந்து பதினொன்று வரை கிடைக்கிறது. நிறம் பார்க்கிற வேலையெல்லாம் அதற்குள் முடித்துவிடுகிறேன். இந்த வாரம் அனுப்பியதில் ஒரு பல்கூடத் திரும்பவில்லை. டாக்டரம்மா, "யாரு, புதுசா ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம், மாடியில் இருக்கிறார்கள் என்றேன்.

என் மனைவி விடுமுறை நாளில் அந்த வெளிச்சத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இவ்வளவு நரைச்சிருக்கா? நான் வேற யாரையோ கட்டிக்கிட்டேன்னு நெனைச்சேனே" என்கிறாள். வெளிச்சத்தில் இப்படியும் ஒரு தொல்லை இருக்கிறது.

உங்கள் கொழுந்தன்


மேல்மாடி
பிப்ரவரி 22

சின்னவனுக்கு,

தொல்லை உனக்கு மட்டுமா? போகிற வழியில் என் சமையலறைக்கும் கொஞ்சம் வெளிச்சம் விழுகிறது. அடுப்புக்குப் பின்னால் இவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன். எல்லாம் உன்னால் வந்த வேலை.

பலகையை நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறேன். புயலே வந்தாலும் இம்மிகூட அசையாது. கவலையில்லாமல் வேலையைப் பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. நான் வீட்டில்தான் இருப்பேன். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

அண்ணி


கீழ்வீடு
மார்ச் 16

அண்ணிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் நேராகச் சொல்கிறேன். நாலு நாளாக என் அறைக்கு வெயில் வரவில்லை. முதல் நாள் மேகம் என்று நினைத்தேன். மேகம் இல்லை. தெருவில் வெயில் கொளுத்துகிறது. பத்து மணி ஆனதும் விரிப்புக்கு முன்னால் மேஜையைப் போட்டுக்கொண்டு அசட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறேன். இருட்டுதான் வருகிறது.

பலகை இம்மிகூட அசையாது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். தானாக அசையாததை யாரோ அசைத்திருக்க வேண்டும். மொட்டைமாடிச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. வேலை குவிந்துவிட்டது, எழுத மறந்துவிட்டது. அதற்குக் கோபமென்றால் என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கொடுத்த வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்? பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரின் முன்பல் ஒன்று மேஜையில் இருக்கிறது. ஒற்றை முன்பல்தான் இருப்பதிலேயே கஷ்டம். பக்கத்திலேயே அவருடைய சொந்தப் பல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இது திரும்பி வந்தால் இதோடு முடிந்தது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார்.

பட்டறைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. உங்களுக்கும் அதுதான் நிம்மதி என்றால் சொல்லிவிடுங்கள்.

கொழுந்தன்


மேல்மாடி
மார்ச் 17

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் பாதியில் ஓடிவிடுவாய்.

பலகையை நான் தொடவில்லை. ஸ்க்ரூ போட்ட நாளிலிருந்து தூசி தட்டக்கூடத் தொடவில்லை. என் சமையலறையிலும் வெளிச்சம் போய்விட்டது. நீதான் கீழேயிருந்து எதையோ கட்டி, எதையோ விரித்து, வேறு பக்கம் திருப்பிக்கொண்டாய் என்று நினைத்தேன். நினைத்தும் உன்னைக் கேட்கவில்லை. உனக்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு சமைத்தேன். நீயோ காகிதம் எடுத்து என்னைத் திருடியாக்கிவிட்டாய்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். யாரும் வரவில்லை. அதைக்கூட நான் கேட்டிருக்க மாட்டேன்.

தகரத்தை ஏன் போட்டேன் என்று நீ இதுவரை ஒரு தடவை கேட்கவில்லை. மழை, புறா என்று நீயே ஒரு காரணம் வைத்துக்கொண்டாய். இப்போது நானே சொல்கிறேன். உன் அண்ணன் போன சில மாதத்தில் தண்ணீர் மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதும் நீ சொன்னதும் கிணறு வழியாக அப்படியே மேலே வந்தன. "மேல எத்தனை பேருங்க?" என்றார். "மேல யாரும் இல்லைங்க, அண்ணி மட்டும்தான்" என்றாய்.

சாதாரணமாகத்தான் சொன்னாய். குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உனக்குப் பரீட்சைக்குப் படிக்கும்போது தலைவலி வந்தால் நெற்றியைப் பிடித்துவிட்டவள் நான். உன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவள் நான். உன் அண்ணன் போனதும் நான் யாரும் இல்லாதவள் ஆகிவிட்டேன். மேலே யாரும் இல்லையென்றால் மேலேயிருந்து எதுவும் உனக்கு வர வேண்டாம் என்று தகரத்தைப் போட்டேன். வெளிச்சமும்தான். என் சமையலறை இருண்டுபோகும் என்று தெரிந்தேதான் போட்டேன்.

பட்டறைக்குப் போவதென்றால் போ. என் நிம்மதியைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.


கீழ்வீடு
மார்ச் 18, காலை

அண்ணி,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

முதலில் வெயில். நீங்கள் தொடவில்லை. நானும் தொடவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்து என் மனைவி கேட்டாள். சொன்னேன். "வாசல்ல துணி காயப்போடுற இடத்தை நான் மாசத்துக்கு மாசம் மாத்திக்கிட்டே இருக்கேன். வெயில் விழற இடம் நகர்ந்துக்கிட்டே போகுது. அவங்க பலகைக்கு ஸ்க்ரூ போட்டாங்க சரி, சூரியனுக்கு யாரு போட்டது?" என்றாள். பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஜன்னலில் தலையை வெளியே நீட்டச் சொன்னாள். பத்து மணிக்கு நீட்டிப் பார்த்தேன். வெயில் எங்கேயும் போகவில்லை. நம் ஜன்னல்களை விட்டு நகர்ந்து பக்கத்துச் சுவரில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. சூரியன் மாதத்துக்கு மாதம் இடம் மாறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அதற்குப் பரீட்சையில் மதிப்பெண்கூட வாங்கினேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு உங்களைத் திருடியாக்கினேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இரண்டாவது, மீட்டர்காரர். நான் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அது என் வாய்தான், என் பேச்சு அப்படித்தான் இருக்கும். அண்ணன் போன பிறகு எனக்கு மேலே பார்க்கவே பயம், அண்ணி. நீங்கள் மேலே தனியாக இருக்கிறீர்கள் என்று நினைத்தாலே அண்ணன் இல்லை என்பதும் கூடவே வந்துவிடும். அதனால் நினைக்காமல் இருந்துவிட்டேன். நான் நினைக்காமல் இருந்ததை நீங்கள் மேலே நின்று காதால் கேட்டுவிட்டீர்கள். ஊரை விட்டுப் போக மனமில்லை, காரணம் கேட்காதீர்கள் என்று எழுதினேனே, உங்களை விட்டுவிட்டுப் போக முடியாது என்பதுதான் அந்தக் காரணம். இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பலகைக்கு ஸ்க்ரூ உதவாது. கீல் போட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். திருப்புகிறவருக்கு மேலேயிருந்து என் அறை தெரியாது. கீழே நிற்கிறவன்தான் வெயில் எங்கே விழுகிறது என்று சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு அசைவுக்கும் நான் கடிதம் எழுதி, மனைவி அதைத் தூக்கிக்கொண்டு ஏறி வருவதற்குள் சூரியன் மறுபடி நகர்ந்துவிடும்.

கொழுந்தன்


மேல்மாடி
மார்ச் 18, மாலை

கீல் வாங்கிவிட்டேன். நாளைக்கு ஆலையில் அரைநாள் விடுப்பு. பத்து மணிக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ ஜன்னலுக்கு வா, வாயைத் திறந்து சொல்.

இதற்குப் பதில் எழுதாதே.

அண்ணி


மேல்மாடி
மார்ச் 23

சின்னவனுக்கு,

தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

கத்திப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, வேறொன்றுமில்லை. அன்றைக்குப் பத்து மணிக்கு நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கீழேயிருந்து சத்தமே இல்லை. நீ செருமுகிற சத்தம் மட்டும் வருகிறது. நீ முதலில் பேசுவாய் என்று நான் நிற்கிறேன், நான் பேசுவேன் என்று நீ நிற்கிறாய், சூரியன் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த ஆசிரியையின் பல்லை நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். "இருக்கியாடா?" என்று கேட்டதும் நீ, "இருக்கேன் அண்ணி" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. பலகை என் கையில் ஆடிவிட்டது. அதனால்தான் முதல் தடவை வெயில் எங்கேயோ போய் விழுந்தது, எனக்குத் திருப்பத் தெரியாமல் இல்லை.

அதற்குப் பிறகு நீ சொன்ன வழியில் ஒரு மாட்டைக்கூட ஓட்ட முடியாது. "இன்னும் கொஞ்சம்" என்கிறாய். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. "அந்தப் பக்கம்" என்கிறாய். கிணற்றுக்குள் நின்றுகொண்டு கை காட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? "வந்திடுச்சு, போதும், ஐயோ போச்சு" என்று ஒரே மூச்சில் சொல்கிறாய். பக்கத்துக் கட்டடத்தில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து எல்லோரும் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நாலாவது மாடிக்காரர் தன் குளியலறைக்கும் இதேமாதிரி ஒரு பலகை கேட்கிறார். ஆலையில் தாளுக்குப் பஞ்சமில்லை, செய்து கொடுக்கலாம். அவர் வீட்டு ஸ்க்ரூவை அவரே போட்டுக்கொள்ளட்டும்.

வெயில் சரியாக விழுந்த பிறகும் நாம் இருவரும் நிறுத்தவில்லை. என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மீட்டர் கட்டணம், உன் முழங்கால், உன் அண்ணனுடைய சட்டைகளை என்ன செய்வது, அவ்வளவுதான். ஆனால் அதற்கே மூன்று நாள் ஆகியிருக்கிறது. தொண்டை எப்படித் தாங்கும்?

ஆசிரியையின் பல்லை டாக்டரம்மா திருப்பி அனுப்பவில்லை என்று உன் மனைவி சொன்னாள். எது சொந்தப் பல், எது உன் பல் என்று டாக்டரம்மாவுக்கே ஒரு நிமிடம் குழம்பிவிட்டதாம். அதோடு இன்னொன்றும் சொன்னாள். பட்டறைக்காரர்களுக்கு வரமாட்டேன் என்று நீ அந்த மார்ச் 16 கடிதத்துக்கு முந்தின வாரமே சொல்லி அனுப்பிவிட்டாயாம். அப்படியென்றால் என்னைத் திருடியாக்கிக் கடிதம் எழுதியபோதே நீ போகிறவன் இல்லை. போகப் போகிறேன் என்று சும்மா என்னைப் பயமுறுத்தியிருக்கிறாய். நான் ஒரு ராத்திரி தூங்கவில்லை.

இதைக் காகிதத்தில் திட்டினால் எனக்குத் தீராது. மருந்து குடித்திருக்கிறேன், நாளைக்குத் தொண்டை திறந்துவிடும். பத்து மணிக்கு ஜன்னலுக்கு வந்து நில்.

அண்ணி